ஆணியில் தொங்கும் பில்லை

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்குக் கதவுப் பக்கம்தான் வசதி. பயம் எல்லாம் இல்லை. கையில் குழந்தை இருக்கிறதே, ஒரு அவசரம் என்றால் சட்டென்று இறங்க வேண்டாமா? ஜாக்கிரதை, அவ்வளவுதான்.

என்ன அவசரமா? அது வந்தால்தானே தெரியும்.

இவள் பெயர் ஜூடித். உதட்டைப் பிதுக்குகிறாள் என்று பயந்துவிடாதீர்கள், அழமாட்டாள். முகமே அப்படி. அவள் அப்பா ஜாடை. அக்கா, சிவப்புத் துண்டு போட்ட ஒருவர் இப்போது பின்னால் போனாரே, உட்கார இடம் கிடைத்ததா அவருக்கு? கிடைத்திருக்கும். சும்மா கேட்டேன்.

நான் வால்டர்பேட்டையில் ஏறினேன். தங்கச் சுரங்கம் இருந்த ஊர். இப்போது தங்கமும் இல்லை, சுரங்கமும் இல்லை, கம்பெனியை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிச்சம் இருப்பது வரிசை வரிசையாக லைன் வீடுகள், மலை மாதிரி ஒரு மண்மேடு, சுரங்கக்காரர்களைக் காக்கிற புனித பார்பரம்மாள் கோயில், அப்புறம் என் மாமனார்.

எனக்குச் சொந்த ஊர் அது இல்லை. வேலூர். கான்வென்டில் படித்தேன். அதனால்தான் பேச்சு இப்படி. வார்த்தையை விழுங்கினால் சிஸ்டர் பிளாண்டினா ஸ்கேலை எடுத்துவிடுவார்கள். லைனில் எனக்கு 'நியூஸ் பொண்ணு' என்றே பெயர். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனால், "வந்துட்டாங்கடி, தலைப்புச் செய்திகள்" என்பார்கள். பேசட்டும். எனக்கென்ன.

கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை என்றார்கள். பொய் இல்லை. வேலை பெங்களூரில்தான். வீடுதான் வால்டர்பேட்டையில். இருட்டோடு ரயில் ஏறிப் போவார், இருட்டிய பிறகு வருவார். எட்வின் என்று பெயர். நல்லவர். அவருக்குத்தான் பயம் ஜாஸ்தி, ஆபீசில் லிஃப்டில்கூட ஏறமாட்டார், படிதான்.

வந்த முதல் வாரமே மாமா அடுப்படிக்கு வந்து குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இதுக்கு நேர் கீழதாம்மா பெரிய சுரங்கம் ஓடுது. நான் அங்க உக்காந்து டிபன் சாப்பிட்டிருக்கேன்." பெருமையாகச் சொல்கிறார் அக்கா! மேலே நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கீழே ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை!

அதிலிருந்து கொஞ்சம் கவனமாக இருப்பேன். பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் சுவர் ஓரமாக நடப்பேன். மிக்ஸியை நிறையப் போடமாட்டேன், அதிரும். மேஜை மேல் ஒரு டம்ளர் தண்ணீர் எப்போதும் இருக்கும், அசைகிறதா என்று பார்ப்பதற்கு. மாமா வெயிலில் வந்தால் அதை எடுத்துக் குடித்துவிடுவார். "மாமா, அது தரைக்கு வைத்த தண்ணீர்" என்றால், "தரைக்குத் தாகம் எடுத்தா அதுவே கேக்கும்மா" என்பார். ஊரே அப்படித்தான். அந்தக் காலத்தில் கீழே பாறை வெடிக்கும்போது பரணில் இருக்கிற பாத்திரம் எல்லாம் விழுமாம். அதைக் கல்யாணக் கதை மாதிரி சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு காற்றுக்குழி வேறு இருக்கிறது. சுரங்கத்துக்குள் காற்று போவதற்கு விட்ட துவாரம். மேலே போட்டிருந்த பலகைக்கல் ஒரு மூலையில் உடைந்து கிடக்கிறது. எத்தனை தடவை சொன்னேன்! பங்குச் சாமியாரிடம் சொன்னேன். ரோஸ்லின் அக்காவிடம் சொன்னேன், பக்கத்து வீடு. "அதெல்லாம் எப்பவோ குப்பையைக் கொட்டி ரொப்பியாச்சு. ரெண்டு ஆள் ஆழம்கூட இருக்காது" என்றாள். "ஒருநாள் யாராவது கைக்குழந்தையோடு உள்ளே போவார்கள். அன்றைக்கு என்னை நினைப்பீர்கள்" என்றேன். "நியூஸ் முடிஞ்சுதா? வானிலை அறிக்கையும் சொல்லிடு" என்கிறாள்.

பில்லை என்றால் தெரியுமா அக்கா? தெரிய வாய்ப்பில்லை. பித்தளையில் வட்டமாக இருக்கும், நடுவில் நம்பர், மேலே ஒரு ஓட்டை. சுரங்கத்தில் ஆளுக்கு ஒன்று. கீழே இறங்கும்போது டைம் ஆபீஸ் பலகையில் தன் ஆணியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதிய பிறகும் ஒரு பில்லை தொங்கினால், அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான். அவன் கிடைக்கும்வரை ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அடுத்தவன் பில்லையை அடுத்தவன் தொடவும் கூடாது. அந்தப் பலகைக்குக் காவல் என் மாமனார், சூசைராஜ்.

கம்பெனியை மூடியபோது ஆளுக்கு ஒன்றைத் தூக்கி வந்தார்கள். ஒருவர் வீட்டில் மேனேஜர் நாற்காலி இருக்கிறது. ஒருவர் வீட்டில் 'அபாயம்' என்று எழுதிய தகரம், கோழிக்கூண்டுக்குக் கதவாக. மாமா இந்தப் பலகையைத் தூக்கி வந்து கோயில் வாசலில் அறைந்துவிட்டார். அன்றிலிருந்து பூசைக்கு வருகிறவர்கள் தீர்த்தம் தொட்டு, சிலுவை போட்டு, பில்லையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முடிந்ததும் எடுத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்காமல்கூடப் போவார்கள், பில்லை எடுக்காமல் போகமாட்டார்கள்.

சிஸ்டர் பிளாண்டினா பார்த்தால் மூடநம்பிக்கை என்பார்கள். நானும் மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நம்பிக்கை இல்லம்மா இது. கணக்கு" என்றார்.

இவளுக்கும் ஞானஸ்நானத்தன்றே ஒன்று கொடுத்துவிட்டார். யாருடைய நம்பர் மாமா என்றேன். "எங்க சித்தப்பா இன்னாசியோடது." செத்தவர் நம்பர்! "கீழ சாகலம்மா. ரிட்டையர் ஆகி, ஒரு கல்யாண வீட்ல மைசூர்பாகு தின்னு, சிரிச்சுக்கிட்டே செத்தாரு." அதிலிருந்து எங்கள் வீட்டில் மைசூர்பாகு கிடையாது. பயம் இல்லை. ஜாக்கிரதை.

டிக்கெட்டா? வாங்கிவிட்டேன் கண்டக்டர். இந்த ஸ்டாப்பில் யார் இறங்குகிறார்கள்? மூன்று பெண்கள், பள்ளிக்கூடப் பையன். சரி. எங்கே விட்டேன் அக்கா?

பிஷப். ஆமாம். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, இவ்வளவு கொஞ்சம் பேருக்கு ஒரு பங்குக் கோயில் எதற்கு, டவுன் கோயிலோடு சேர்த்துவிடலாம் என்று மேலே பேச்சு. பிஷப்பே நேரில் வந்து பூசை வைத்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஊரே இடிந்து போயிற்று. எட்வின் மட்டும் என்னிடம், "கோயில் இருக்கிற வரைக்கும் அப்பா இந்த ஊரை விட்டு வரமாட்டாரு. அவரை விட்டு நானும் வரமுடியாது. கோயிலை மூடிட்டா மறுநாளே பெங்களூர்ல வீடு பாக்குறேன், சத்தியமா" என்றார்.

பெங்களூரில் வீடு! அடியில் மண் இருக்கிற வீடு! இவள் தவழ ஆரம்பித்தால் எந்தப் பயமும் இல்லாமல் நடுவீட்டில் விடலாம். மற்றவர்கள் பயத்தைச் சொல்கிறேன். எனக்குப் பயம் இல்லை.

அன்றைக்கே பார்பரம்மாளுக்கு நவநாள் ஆரம்பித்தேன், ஒன்பது நாள் ஜெபம். 'தாயே, உன் கோயிலை மூடிவிடு.' அவள் கோயிலிலேயே, அவள் காலடியிலேயே முட்டிபோட்டுக் கேட்டேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கோயிலைக் காப்பாற்று என்று அழுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே கடை மெழுகுத்திரிதான். மாமா என்னைக் காட்டி ரோஸ்லின் அக்காவிடம், "வெளியூர்ல இருந்து வந்த புள்ளைக்கு நம்ம கோயில் மேல எவ்ளோ பாசம் பாரு" என்று கண்ணைத் துடைத்தார். நான் மறுக்கவில்லை. அது பொய்யில் சேராது அக்கா. நான் வாயே திறக்கவில்லையே.

பிஷப் வந்தார். மாலை, மேளம், பூச்சொரிதல் எல்லாம் முடிந்து வாசற்படி ஏறியவரை மாமா கையை நீட்டித் தடுத்துவிட்டார். "ஆண்டவரே, பில்லை." எங்கள் பக்கம் பிஷப்பை ஆண்டவர் என்றுதான் கூப்பிடுவது. அந்தக் காலத்தில் துரைமார் இறங்கிப் பார்க்க வரும்போது கொடுக்கிற விருந்தாளி பில்லை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தார். பிஷப் சிரித்துக்கொண்டே மாட்டினார். "ரொம்ப அழகான வழக்கம்" என்றார். இவளை மாதிரிக் குழந்தைகள் எச்சில் பிஸ்கட்டை நீட்டினால் சொல்வோமே, அந்தக் குரலில்.

நான் எப்போதும் உட்காருகிற இடம் பக்கவாட்டுக் கதவோரம். வழக்கமாக அது பூட்டியிருக்கும். ஆனாலும் கதவு கதவுதானே. அன்றைக்கு அதிர்ஷ்டம், திறந்தே இருந்தது. செருப்பைக்கூட அந்தக் கதவுக்கு வெளியேதான் விட்டேன்.

பிரசங்கத்தில் பிஷப், "அன்பானவர்களே, சில கடினமான முடிவுகளைக் கண்ணீரோடு எடுக்க வேண்டியிருக்கிறது" என்று ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் மேளம். வீட்டில் எந்த ரூமில் தொட்டில் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. கோயிலே அமைதியானது. பிறகு என் காலுக்கு அடியில் தரை உறுமியது.

உறுமியது அக்கா. பெஞ்சு நடுங்கியது. நான் ஓடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு விரைவாக வெளியேறினேன். காற்றுக்குழிப் பக்கம் ஒரு செருப்பு கழன்றுவிட்டது, எடுக்க நிற்கவில்லை. மண்மேட்டைச் சுற்றி பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் இதே பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது. ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஒருத்தரும் வரவில்லை. பாவம், பிரசங்கத்தில் அப்படி மூழ்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "ஓடுங்கள்" என்று கத்தினேனே! கேட்கவில்லை போல. அந்த ஜெனரேட்டர் சத்தத்தில் எப்படிக் கேட்கும்?

ஆமாம், ஜெனரேட்டர்தான். பிஷப்புக்கு மைக் நின்றுவிடக் கூடாது என்று இளைஞர் சங்கத்தார் சுவரை ஒட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதன் வயர் உள்ளே வரத்தான் கதவைத் திறந்தே போட்டிருக்கிறார்கள். அந்த வயரைத் தாண்டி, அந்த ஜெனரேட்டரைச் சுற்றிக்கொண்டுதான் நான் ஓடி... வெளியேறியிருக்கிறேன். அந்த நேரத்தில் யார் அதையெல்லாம் பார்ப்பார்கள்?

டவுனில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, போனும் பால் பாட்டிலும் பையோடு பெஞ்சில். யார் நம்பரும் மனப்பாடம் இல்லை. டீக்கடையில் போய், "அண்ணா, வால்டர்பேட்டை இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அது எங்கம்மா போகும்?" என்றார். ஊர் விழுந்திருந்தால் டீக்கடையில் தெரியாமல் இருக்குமா? இவளும் பசியில் கத்த ஆரம்பித்தாள். ஒற்றைச் செருப்போடு அதே பஸ்ஸில் திரும்பினேன்.

அதற்குள் அங்கே நடந்ததை ரோஸ்லின் அக்கா சொல்லித்தான் கேட்டேன். பூசை முடிந்து எல்லாரும் பில்லையை எடுத்திருக்கிறார்கள். பலகையில் மிச்சம் என்னுடையதும் இவளுடையதும். விருந்தாளி பில்லையும் இருந்தது, ஆனால் பிஷப் உள்ளேதானே நிற்கிறார். மாமா பெரிய கதவை இழுத்துச் சாத்திவிட்டு, "ரெண்டு பேர் உள்ள இருக்காங்க. கிடைக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது" என்றாராம். பிஷப்பின் டிரைவர் வந்து, டவுனில் அடுத்த நிகழ்ச்சி, மதியச் சாப்பாடும் அங்கேதான் என்றிருக்கிறான். "கீழ இருக்கிறவங்க மட்டும் சாப்பிட்டாங்களாப்பா?" என்றாராம் மாமா. பிஷப் உட்கார்ந்துவிட்டாராம்.

பீடத்துக்குக் கீழே தேடினார்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டில் தேடினார்கள். மணிக்கூண்டில் ஏறினார்கள். கடைசியில் குழி விளிம்பில் என் செருப்பு.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், கோயிலுக்குப் பின்னால் ஊரே கூடி நிற்கிறது. எழுபது வயதுக் கிழவர்கள் எல்லாம் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, யார் முதலில் இறங்குவது என்று சீனியாரிட்டிச் சண்டை. குழிக்குள் ஒரு கயிறு போகிறது. வரிசையாகப் பிடித்திருக்கிறார்கள். கடைசி ஆள் பிஷப்! அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருக்கிறார். "ஆண்டவரே, காலை அகட்டி நில்லுங்க! கயிறைக் கையில சுத்தாதீங்க! பிரசங்கம் இல்ல இது!" என்று யாரோ அதட்டுகிறார்கள். "சரிப்பா, சரிப்பா" என்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். கூட்டத்துக்குள் புகுந்தேன். "பார்த்தீர்களா? நான் சொன்னேனா இல்லையா? படித்துப் படித்துச் சொன்னேனே! இன்றைக்கு யார் பெற்ற பிள்ளையோ! யார் விழுந்தது?" என்றேன்.

ரோஸ்லின் அக்கா குழியை விட்டுக் கண்ணை எடுக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நம்ம நியூஸ் பொண்ணுதான். கைக்குழந்தையோட" என்றாள்.

"அவளுக்கு அறிவு வேண்டாமா..." என்று ஆரம்பித்துவிட்டேன் அக்கா.

இவள்தான் அப்போது வீல் என்று கத்தினாள். ரோஸ்லின் அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் கயிற்றுக்காரர்கள் பாதிப்பேர் கையை விட்டுவிட்டார்கள். பிஷப் மட்டும் விடவில்லை. தரதரவென்று குழிப்பக்கம் இழுபட்டுப் போனார், ஆனால் விடவில்லை. அதைச் சொல்ல வேண்டும்.

குழிக்குள்ளிருந்து ஒரு குரல்: "கிடைச்சாங்களா?"

"கிடைச்சாச்சு!"

"எங்க?"

"மேலயே!"

தூக்கினார்கள். எட்வின்தான். லிஃப்டில் ஏறாத மனுஷன். அப்பாவுடைய ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருக்கிறது, முகமெல்லாம் ஒட்டடை. என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். சட்டைக்குள் கையை விட்டு என் ஒற்றைச் செருப்பை எடுத்து நீட்டினார். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இறங்கினார்? எவ்வளவு அழுக்கு அந்தச் செருப்பு! வெள்ளைச் சட்டை வேறு. இன்னும் கறை போகவில்லை.

மாமா குழிப்பக்கமே வரவில்லை. பலகையை விட்டு நகரக் கூடாதாம். உள்ளே போனேன். என் முகத்தைப் பார்க்கவில்லை, திட்டவில்லை, எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "எடும்மா" என்றார். என்னுடையதை எடுத்தேன். இவளுடையதை எடுக்கும்போது அவர் கை என் கை மேல் இருந்தது. அது நடுங்கியது. ஜெனரேட்டரை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள் அக்கா.

...தூசி. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள்.

பிஷப் கை கால் கழுவிவிட்டு, மைக் இல்லாமலே பேசினார். "டவுன் கோயிலில் ஆயிரம் குடும்பம். பூசை முடிந்து யார் வந்தார், யார் போனார் என்று எனக்கும் தெரியாது, அங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு கைக்குழந்தை குறைந்தால் ஊர் சாப்பிடாமல் நிற்கிறது. இதை மூட என் கை வராது." அவ்வளவுதான். ஊரே கை தட்டியது. என்னைப் பார்த்துத் தட்டியது! ரோஸ்லின் அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "காப்பாத்திட்டியேடி எங்க கோயிலை" என்கிறாள். எட்வின் என் காதில், "உன் நவநாள் வீண் போகல" என்கிறார்.

யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். எனக்கு நடந்தது அநியாயமா இல்லையா? பெங்களூர் வீடு போயிற்று. எல்லாம் அந்த ஜெனரேட்டரால்.

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் பார்பரம்மாளிடம் நாலு கேள்வி கேட்கலாம் என்று கோயிலுக்குப் போனேன். போகும்போது பலகையைப் பார்த்தால், ஒன்று தொங்குகிறது. விருந்தாளி பில்லை. சந்தோஷத்தில் பிஷப் அதை எடுக்காமலே காரில் ஏறிப் போய்விட்டார்! ஓடிப் போய் மாமாவிடம் சொன்னேன். "அவரு போனதைத்தான் ஊரே பாத்துச்சேம்மா. விடு, நானே எடுத்துடறேன்" என்றார்.

"அடுத்தவர் பில்லையைத் தொடலாமா மாமா?" என்றேன்.

மாமா இடுப்பிலிருந்த கோயில் சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இனிமே நீ பாத்துக்க." இதுதான் அந்தச் சாவி. இவள் கடித்துக்கொண்டிருப்பது.

பிஷப் ஹவுஸுக்குப் போன் செய்தேன். செயலாளர் ஃபாதர், "ஆண்டவர் நலமாக இருக்கிறார்" என்றார். "நலமா என்பது கேள்வி இல்லை ஃபாதர், ஆணியில் தொங்குகிறது" என்றேன். வைத்துவிட்டார். மறுபடி செய்தேன். மறுபடி வைத்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா. கோயிலைப் பூட்டவும் முடியவில்லை, உள்ளே ஆள் இருக்கும்போது எப்படிப் பூட்டுவது? அதுதான் நேரில் போகிறேன். கையோடு கூட்டிவந்து, அவர் கையாலேயே எடுக்க வைத்து, பிறகு எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

எட்வின் நேற்று, பெங்களூரில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது, அப்பாவே வந்து பார்க்கிறேன் என்கிறார் என்று சொன்னார். எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை பலகையை யார் பார்ப்பது? இந்த மனிதருக்கு யோசனையே கிடையாது.

ஓ, அடுத்த ஸ்டாப் உங்களுடையதா? சொல்லிவிட்டு இறங்குங்கள் அக்கா. இறங்கியதும் கீழே நின்று ஒரு கையைக் காட்டுங்கள். பயம் எல்லாம் இல்லை.

ஆமாம், அந்தச் சிவப்புத் துண்டுக்காரர் எங்கே? இறங்கினாரா? நான் பார்த்துக்கொண்டேதான் வருகிறேன், முன்வழியாக இறங்கவில்லை. பின்னால் சீட்டெல்லாம் காலியாகத் தெரிகிறது. கண்டக்டர், சிவப்புத் துண்டு எங்கே இறங்கினார்? தெரியாதா? தெரியாது என்றால் எப்படி? வண்டியை நிறுத்துங்கள்! நிறுத்துங்கள் என்கிறேன்!

அக்கா, இவளைக் கொஞ்சம் பிடியுங்கள். பிடியுங்கள், உங்களிடம் அழமாட்டாள். சீட்டுக்கு அடியில் படுத்துத் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். நான் வருவதற்குள் இறங்கிவிடாதீர்கள்.